‘இதை நீதான் எழுதினியா?’: ஏஐ சந்தேகம் வந்தால் பேராசிரியர் செய்ய வேண்டியது என்ன?

2023 மே மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் காமர்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் தருவாயில் இருந்த ஒரு வகுப்பு மாணவர்களுக்கு அதிர்ச்சி. அவர்களில் சிலருக்கு மதிப்பெண்ணுக்குப் பதிலாக ‘முடிவாகவில்லை’ என்ற குறியீடுதான் வந்தது. காரணம், வகுப்பு ஆசிரியர் அவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியில் போட்டு, ‘இதை எழுதியது நீயா?’ என்று அதனிடமே கேட்டிருக்கிறார். அதுவும் ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கிறது.

சாட்ஜிபிடியால் அப்படிக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்ற பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அது பதில் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பதிலை எழுதித் தரும், அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்ததும் பல்கலைக்கழகம் விளக்கம் கொடுத்தது. இதனால் யாரும் ஃபெயில் ஆகவில்லை, யாருடைய பட்டமும் தடுக்கப்படவில்லை என்றது. மாணவர்கள் பலர் மீதான சந்தேகம் நீங்கியது. அதே நேரத்தில், ஒரு மாணவர் அந்தப் பாடத்தில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்.

ஆக, அந்த ஆசிரியரின் சந்தேகம் முழுக்கத் தவறு இல்லை. அதைச் சோதித்த வழிதான் தவறு. நிஜமாகவே ஏஐ பயன்படுத்திய ஒருவரும், இரவெல்லாம் விழித்து எழுதிய பலரும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டார்கள்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதில் இருந்து கல்லூரி ஸ்டாஃப் ரூம்களில் ஓயாமல் நடக்கும் பேச்சு இது. பசங்க அசைன்மென்ட்டை ஏஐயிடம் எழுதி வாங்குகிறார்கள் என்று தோன்றினால் என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விட்டால், தானே உட்கார்ந்து எழுதிய மாணவருக்கு அநீதி. அவசரப்பட்டுக் குற்றம் சாட்டினால், நேர்மையாக எழுதியவரின் மதிப்பெண், பெயர், சில சமயம் பட்டமே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நியாயமான வழி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் நடக்கக்கூடியதுதான்.

கண்டுபிடிப்பான் எப்படி வேலை செய்கிறது?

ஏஐ கண்டுபிடிப்பான் மென்பொருள்கள் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ‘72 சதவீதம் ஏஐ’ என்பதுபோல ஒரு எண்ணைக் காட்டும். எதை வைத்து? பெரும்பாலும் மொழியின் போக்கை வைத்து.

‘மழை பெய்ததால் சாலையில் தண்ணீர்...’ என்று ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அடுத்து ‘தேங்கியது’ என்று வரும் என யாரும் ஊகித்துவிடலாம். இப்படி எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்களே வரிசையாக வந்தால், ‘இது இயந்திரம் எழுதியதாக இருக்கலாம்’ என்று மென்பொருள் கணக்குப் போடும். வாக்கியங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில், ஒரே மாதிரி அமைந்திருந்தாலும் சந்தேகம் கூடும். மனிதர்கள் எழுதும்போது ஒரு வாக்கியம் நீளும், இன்னொன்று பட்டென்று முடியும் என்பது இதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

ஆக, அந்த 72 என்பது நிகழ்தகவுக் கணக்கில் இருந்து வரும் ஓர் ஊகம். கட்டுரையை எழுதிய கையை அந்த மென்பொருள் பார்க்கவில்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அந்த நிறுவனம் வெளியிட்ட சோதனை முடிவின்படி, ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே அது சரியாக அடையாளம் கண்டது. மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏஐயை உருவாக்கியவர்களுக்கே இந்த நிலைமை.

ஒரே ஒரு சதவீதம் தப்பானால்?

கல்லூரிகளில் அதிகம் பயன்படும் டர்னிட்டின் 2023 ஏப்ரலில் ஏஐ கண்டுபிடிப்பு வசதியைச் சேர்த்தது. மனிதர் எழுதியதை ஏஐ என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது நிறுவனம். கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு கணக்குப் போட்டது. 2022ல் அங்கிருந்து டர்னிட்டினுக்குப் போன கட்டுரைகள் 75,000. அதில் 1 சதவீதம் என்றால், 750 கட்டுரைகள் மீது தவறான குற்றச்சாட்டு வந்திருக்கும். 2023 ஆகஸ்டில் அந்தப் பல்கலைக்கழகம் இந்த வசதியை அணைத்துவிட்டது.

இந்த மதிப்பீட்டை மட்டும் வைத்து மாணவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று டர்னிட்டின் நிறுவனமே தன் அறிக்கையில் எச்சரிக்கை வாசகம் போட்டிருக்கிறது. சிவப்பு எண்ணைப் பார்க்கும் அவசரத்தில் பலரும் தவறவிடுவது அந்த வாசகத்தைத்தான்.

இங்கிலீஷ் இரண்டாம் மொழியாக இருந்தால்...

தவறு எல்லோருக்கும் சமமாக நடந்தாலாவது பரவாயில்லை. அப்படியும் நடப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வில் 7 கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். டோஃபல் தேர்வுக்காக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை.

சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை அந்த மென்பொருள்கள் ‘ஏஐ எழுதியது’ என்றன. 91ல் 89 கட்டுரைகள் ஏதாவது ஒரு மென்பொருளிடமாவது மாட்டின. 18 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களும் ஒருமனதாக ஏஐ என்றன. அமெரிக்காவின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் வந்தபோது மட்டும் அதே மென்பொருள்கள் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டன.

காரணம் எளிது. பழகாத மொழியில் எழுதுபவர், தெரிந்த சொற்களையும் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வாக்கிய அமைப்பையும் வைத்துப் பத்திரமாக எழுதுவார். பத்திரமாக எழுதினால், அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்கலாம். எளிதில் ஊகிக்க முடிந்தால், மென்பொருளின் கண்ணில் அது ஏஐ.

பிளஸ் 2 வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் மாணவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர், கான்வென்ட்டில் படித்தவரைவிட இந்த வலையில் எளிதாக மாட்டலாம். ஓர் ஆசிரியர் இதைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதிப் பிழையைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டு சதவீதங்கள், ஒரு குழப்பம்

இந்தியக் கல்லூரிகளுக்குச் சதவீதம் புதிதில்லை. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018ல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறைகளில் சதவீதக் கணக்கு இருக்கிறது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்துடன் ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இந்தப் பழக்கத்தில், ஏஐ அறிக்கை காட்டும் சதவீதத்தையும் அதே கண்ணோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ‘40க்கு மேல போயிடுச்சு, திருப்பி அனுப்பிடு’ என்கிறார்கள். ஆனால், இரண்டும் வேறு வேறு.

ஒற்றுமை அறிக்கை, ‘இந்தப் பத்தி இந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது’ என்று மூலத்தைக் காட்டும். ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாணவரும் ‘இது மேற்கோள் சார், கீழே குறிப்பு கொடுத்திருக்கேன்’ என்று பதில் சொல்லலாம். ஏஐ அறிக்கையில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே கிடையாது. அதை எதிர்த்து வாதாட மாணவருக்கு வழியில்லை, சரிபார்க்க ஆசிரியருக்கும் வழியில்லை.

அந்த விதிமுறைகளில் சதவீதத்தைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. தவறு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட பிறகே, சம்பந்தப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்புக் கொடுத்த பிறகே தண்டனை விதிக்க வேண்டும் என்கிறது யுஜிசி. விசாரிக்கும் குழு இயற்கை நீதியின் கோட்பாடுகளைப் பின்பற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. சாட்ஜிபிடி வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட வரிகள் இவை. ஏஐ விவகாரத்துக்கும் இவைதான் சரியான அளவுகோல்.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரையும் போயிருக்கிறது. ஹரியானாவில் உள்ள ஓ.பி.ஜிண்டால் குளோபல் பல்கலைக்கழகத்தின் சட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர் தேர்வுக்குச் சமர்ப்பித்த பதில்களில் 88 சதவீதம் ஏஐ எழுதியது என்று சொல்லி, அவரை ஃபெயில் ஆக்கினார்கள். அவர் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பதில்களை எழுதியது தானே என்றும், ஏஐ பயன்பாட்டைத் தடை செய்யும் தெளிவான விதி எதுவும் அங்கே இல்லை என்றும் வாதிட்டார். 2024 நவம்பரில், அந்த மாணவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் தெரிவிக்க, வழக்கு முடிந்துபோனது. ஏஐ சதவீதத்தை ஆதாரமாக ஏற்கலாமா என்ற கேள்வி அந்த வழக்கில் தீர்ப்பு வரை போகவில்லை.

‘என் கண்ணுக்குத் தெரியாதா?’

‘இருபது வருஷமா பேப்பர் திருத்துறேன், எனக்குத் தெரியாதா?’ என்று கேட்கும் பேராசிரியர்கள் உண்டு. அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. உளவியல் துறையில் 33 போலி மாணவர்களை உருவாக்கி, ஆன்லைன் தேர்வுகளுக்கு ஏஐ எழுதிய பதில்களை அப்படியே அனுப்பினார்கள். திருத்தியவர்களுக்கு விஷயம் தெரியாது. 2024ல் வெளியான முடிவின்படி, அந்த விடைத்தாள்களில் 94 சதவீதம் யாருடைய சந்தேகத்திலும் சிக்கவில்லை. சராசரியாக, நிஜ மாணவர்களைவிட அவற்றுக்கு அதிக மதிப்பெண்ணும் கிடைத்தது.

எனவே, கண்ணும் முழுக்க நம்பத் தகுந்தது இல்லை. திடீரென்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒரு மாணவரைச் சந்தேகிப்பது, அவர் முன்னேறவே மாட்டார் என்று முடிவுகட்டுவதற்குச் சமம்.

அப்போ எதுதான் ஆதாரம்?

மென்பொருளின் எண்ணும் ஆசிரியரின் உள்ளுணர்வும் சந்தேகத்தைக் கிளப்பலாம். அதன் பிறகு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய தடயங்களைத் தேட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹிங்கம் உயர்நிலைப் பள்ளி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பள்ளி தொடர்பானதுதான் என்றாலும், பாடம் கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

அங்கே ஒரு மாணவரின் வரலாற்று புராஜெக்டை டர்னிட்டின் சந்தேகத்துக்குரியது என்று காட்டியது. ஆசிரியர் அதோடு நிற்கவில்லை. அந்தக் கோப்பில் மாணவர் எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்று திருத்த வரலாற்றைப் பார்த்தார். மற்ற மாணவர்கள் 7 முதல் 9 மணி நேரம் செலவிட்டிருக்க, இவர் செலவிட்டது 52 நிமிடம். குறிப்புகளில் இருந்த சில புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மதிப்பெண்ணை மாற்றச் சொல்லி உத்தரவிட, 2024 நவம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பள்ளிக்குக் கைகொடுத்தது அந்த ஏஐ எண் மட்டும் இல்லை. அதைத் தொடர்ந்து ஆசிரியர் செய்த தேடலும்தான்.

கல்லூரி ஆசிரியர் பார்க்கக்கூடிய தடயங்கள் இவை:

● இல்லாத மேற்கோள்: குறிப்பில் உள்ள புத்தகமும் ஆய்வுக் கட்டுரையும் உண்மையிலேயே இருக்கின்றனவா? இருந்தால், மாணவர் சொல்லும் கருத்து அந்தப் பக்கத்தில் இருக்கிறதா? ஏஐ அடிக்கடி சறுக்கும் இடம் இது. நூலகத்தில் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

● திருத்த வரலாறு: கூகுள் டாக்ஸிலும் வேர்டின் ஆன்லைன் வடிவத்திலும் கட்டுரை வளர்ந்த விதம் பதிவாகும். ஆனால், முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு டைப் செய்யும் மாணவரின் கோப்பிலும் எல்லாம் ஒரே மூச்சில் வந்ததுபோலத்தான் தெரியும். நோட்டைக் கொண்டுவரச் சொல்லலாம்.

● வகுப்போடு ஒட்டாத உள்ளடக்கம்: வகுப்பில் நடத்திய உதாரணம் ஒன்றுகூட இல்லாமல், நடத்தாத கோட்பாடுகள் மட்டும் நிறைந்திருந்தால் கேள்வி எழுப்பலாம். மாணவர் தானாகத் தேடிப் படித்திருக்கவும் வாய்ப்புண்டு.

● பழைய எழுத்து: தேர்வு அறையில் எழுதிய விடைத்தாளோடு ஒப்பிடலாம். மொழியைவிட, யோசிக்கும் விதம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது.

இவற்றில் எந்த ஒன்றும் தனியாக நின்றால் பலவீனமானது. இரண்டு மூன்று சேர்ந்தால்தான் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கே அர்த்தம் இருக்கிறது.

பேச்சை எப்படித் தொடங்குவது?

‘ஏஐ யூஸ் பண்ணினியா, இல்லையா?’ என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பயன்படுத்தியவர் இல்லை என்பார். பயன்படுத்தாதவர் பயந்துபோய் வாயடைத்து நிற்பார். பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டாலே கை நடுங்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த நடுக்கத்தைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டுரையில் இருந்து தொடங்கலாம்:

“உன் அசைன்மென்ட்டைப் படிச்சேன்பா. மூணாவது பக்கத்துல ஒரு வாதம் வச்சிருக்கே, அது எனக்கு இன்னும் கொஞ்சம் விளக்கமா வேணும். சொல்லேன்.”

“இந்தப் புத்தகம் எங்கே கிடைச்சுதும்மா? நம்ம லைப்ரரியிலயா, பிடிஎஃப்பா?”

“இந்தத் தலைப்பை எழுத ஆரம்பிக்கும்போது முதல்ல என்ன பண்ணினே?”

தானே எழுதியவர் திணறினாலும், எதையாவது பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். எங்கே சிக்கினோம், எதை வெட்டினோம் என்று அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையாக இருந்தாலும், விளக்கத்தைத் தமிழில் சொல்ல விடுவது முக்கியம். சோதிப்பது பாடம் புரிந்ததா என்பதை. அதில் இங்கிலீஷ் பேசும் திறமையைக் கலந்துவிட்டால் விடை தப்பாக வரும்.

இப்படிப் பேசும்போது அடிக்கடி வெளிவரக்கூடிய பதில் ஒன்று உண்டு: “எழுதினது நான்தான் சார். கிராமர் மட்டும் ஏஐல போட்டுத் திருத்தினேன்.” இது தவறா? அந்த ஆசிரியர் முன்கூட்டியே என்ன சொல்லியிருந்தார் என்பதைப் பொறுத்தது. எதுவுமே சொல்லவில்லை என்றால், விதி இல்லாத இடத்தில் விதிமீறல் என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் செய்ய வேண்டாம்

வகுப்பில் எல்லோர் முன்பும் கேட்பது, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவது இரண்டும் வேண்டாம். பிறகு சந்தேகம் தவறு என்று தெரிந்தாலும் அந்த அவமானத்தைத் திரும்பப் பெற முடியாது.

இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் இலவச மென்பொருளில் மாணவரின் கட்டுரையை ஏற்றுவதும் சரியில்லை. பெயர், பதிவெண் உட்பட எல்லாம் யாரிடம் போகிறது என்று ஆசிரியருக்கே தெரியாது.

கேள்வித்தாளில் வெள்ளை எழுத்தில் மறைவாக ஒரு கட்டளையை வைத்து, காப்பி பேஸ்ட் செய்பவரைப் பிடிக்கும் தந்திரம் ஒன்று சமூக வலைதளங்களில் பிரபலம். ‘பதிலில் வாழைப்பழம் என்ற சொல்லைச் சேர்’ என்பதுபோல. பார்வைத்திறன் குறைந்த மாணவரின் ஸ்கிரீன் ரீடர் அந்த மறைவான வரியையும் சேர்த்தே வாசிக்கும். அவர் அதைக் கேள்வியின் பகுதி என்று நினைத்து எழுதினால், ஏமாற்றியவராக மாட்டுவது அவர்தான்.

முடிவு யார் எடுப்பது?

பேசிய பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், ஆசிரியர் தனியாக முடிவெடுக்காமல் துறைத் தலைவரிடமோ கல்லூரிக் குழுவிடமோ கொண்டுபோவது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. என்ன சந்தேகம், என்னென்ன தடயம், மாணவர் என்ன பதில் சொன்னார் என்பதைத் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். அந்தத் தடயங்களை மாணவருக்கும் காட்ட வேண்டும். முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும்.

தண்டனையும் தவறின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முதல் செமஸ்டர் மாணவர் ஒரு சிறு அசைன்மென்ட்டில் இரண்டு பத்தியை ஏஐயிடம் வாங்கியிருந்தால், திரும்ப எழுதச் சொல்வதே போதும். பிஎச்டி ஆய்வேட்டில் இல்லாத தரவை ஏஐ மூலம் உருவாக்கியிருந்தால் கதையே வேறு. தடயம் போதவில்லை என்றால், கட்டுரையை அதன் தரத்துக்கு ஏற்ப மதிப்பிட்டுவிட்டு நகர்வதுதான் நியாயம். மேலோட்டமாக, உதாரணமே இல்லாமல் எழுதிய கட்டுரைக்கு அந்தக் காரணத்துக்காகவே மதிப்பெண் குறையலாம். அதற்கு ஏஐ பெயரை இழுக்க வேண்டியதில்லை.

அடுத்த செமஸ்டரில் இருந்து...

விசாரணையைவிட முன்னேற்பாடு எளிது. முதல் வேலை, ஒவ்வொரு அசைன்மென்ட்டிலும் ஏஐ எந்த அளவுக்கு அனுமதி என்று எழுதிக் கொடுப்பது. தலைப்பைப் புரிந்துகொள்ளக் கேட்கலாமா? இலக்கணம் திருத்தலாமா? தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாமா? பத்தி எழுதி வாங்கலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று நான்கு வரி போதும். பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கடைசியில் குறிப்பிடச் சொல்லலாம்.

இந்த நேர்மை ஆசிரியருக்கும் பொருந்தும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சாட்ஜிபிடி உதவியோடு பாடக் குறிப்பு தயாரித்ததைக் கண்டுபிடித்த மாணவி ஒருவர், அந்தப் பாடத்துக்குக் கட்டிய 8,000 டாலருக்கும் அதிகமான கட்டணத்தைத் திருப்பிக் கேட்டது 2025ல் செய்தியானது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும், ‘எங்களுக்கு மட்டும்தான் விதியா?’ என்ற கேள்வி நிற்கிறது.

இரண்டாவது, தேர்வுமுறையையே பிரிப்பது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் ‘இரண்டு பாதை’ முறையைக் கொண்டுவந்தது. ஒரு பாதையில் நேரடிக் கண்காணிப்பில் எழுதும் தேர்வு, வாய்மொழித் தேர்வு போன்றவை. மாணவருக்குச் சொந்தமாக என்ன தெரியும் என்பது அங்கே சோதிக்கப்படும். இன்னொரு பாதையில் வீட்டில் செய்யும் வேலைகள். அவற்றில் ஏஐயைப் பயன்படுத்தலாம், அதைச் சரியாகப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டில் எழுதிய கட்டுரையைப் போலீஸ்போல விசாரிக்கும் வேலை இதில் பெருமளவு குறைகிறது.

‘அறுபது பேர் வகுப்புல இதுக்கெல்லாம் எங்கே நேரம்?’ என்பது நியாயமான கேள்வி. ஆளுக்கு ஐந்து நிமிடம் வைவா என்றாலே ஐந்து மணி நேரம் ஆகும். வாரத்துக்கு வாரம் அது முடியாது. ஆனால், ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் குலுக்கல் முறையில் பத்துப் பேரைக் கூப்பிட்டால், ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும். யார் பெயர் வரும் என்று தெரியாததால், அறுபது பேரும் எழுதியதைப் படித்துவிட்டு வருவார்கள். குலுக்கலில் வந்த பெயர் என்பதால் யாருக்கும் அவமானமும் இல்லை.

உள்ளூர் விஷயத்தைத் தலைப்பாகக் கொடுப்பதும் கொஞ்சம் உதவும். ‘இந்தியாவில் நீர் மேலாண்மை’ என்று கேட்டால் ஏஐ பத்துப் பக்கம் எழுதித் தரும். ‘உன் தெருவுக்கு எந்த நாளில், எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது? பத்து வீட்டில் கேட்டு எழுது’ என்றால், மாணவர் வீட்டைவிட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். எழுதும்போது ஏஐ உதவியிருந்தாலும், தகவல் அவர் நடந்து சேகரித்ததாக இருக்கும்.

மாணவர்கள் கவனத்துக்கு

தானே எழுதினாலும் அதற்கான தடம் வைத்துக்கொள்வது இப்போது அவசியமாகிவிட்டது. கூகுள் டாக்ஸ் போன்ற, திருத்த வரலாறு பதிவாகும் இடத்தில் எழுதுங்கள். கைக்குறிப்பு, வரைவு, படித்த பக்கங்களின் புகைப்படம் ஆகியவற்றை ரிசல்ட் வரும்வரை அழிக்காதீர்கள். ஏஐ அனுமதி பற்றி ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை என்றால், வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். சந்தேகம் என்று கூப்பிட்டால், எந்தத் தடயத்தின் அடிப்படையில் என்று பணிவாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பயன்படுத்தியிருந்தால், எதற்காக, எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவது பிறகு மாட்டிக்கொள்வதைவிட நல்லது.

ஏஐ மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று பிடிபடும் எழுத்து, அடுத்த ஆண்டு எந்த மென்பொருளிலும் சிக்காமல் போகலாம். ஆனால், தான் எழுதியதை மாணவரால் விளக்க முடிகிறதா என்று பார்க்க எந்த மென்பொருளும் தேவையில்லை. திரையில் ஒரு சிவப்பு எண் தெரிந்ததும் மதிப்பெண் பட்டியலில் கை வைக்கும் முன், அந்த மாணவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசிவிடலாம்.